அறுபது சதவீதத்தில் செத்த லேப்டாப்

“…வயரு சொருகியிருக்கற வரைக்கும் நல்லாப் பேசுதுங்க அம்மிணி. புடுங்கினாச் செத்துப் போகுதுங்க. நின்ன நெலையில, ஒரு வார்த்தை சொல்லிக்காம” என்றபடியே அவர் ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நெஞ்சோடு அணைத்து வந்த பையை என் மேசைமேல் வைத்தார்.

நான் தலை நிமிரவில்லை. குரலே போதுமாயிருந்தது. ஏழு வருஷமாகக் காதுக்குள் குடியிருந்த குரல். அதில் இந்த ‘ங்க’வும் ‘அம்மிணி’யும்தான் புதுசு. என்னிடம் அந்தக் குரல் பேசிய காலத்தில் “ஏ புள்ள” என்பதற்கு மேல் ஒரு மரியாதையும் வந்ததில்லை.

நோட்டை எடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குன்னூருக்கு மேலே, காந்தலில் என் கடை ஒரே அறை. பாதி எனக்கு, பாதி குடை ரிப்பேர் செய்கிற ஒருவருக்கு. அவர் பக்கம் கம்பி, துணி, பை ஜிப். என் பக்கம் லேப்டாப்புகள். மழை பிடித்துவிட்டால் இரண்டு பேருக்கும் கூட்டம்தான். காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், மரம் விழுந்து கரண்ட் போகும், அந்தக் கரண்டோடு யாருடைய லேப்டாப்பாவது போகும். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது “என்ன மாடல்?” என்று இல்லை, “என்ன பண்ணுது?” என்றுதான். அவர்கள் சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் முதல் கட்டத்தில் எழுதிக்கொள்வேன். “கால் மணி நேரம் சிரிச்சுப் பேசிட்டு இருந்துச்சு, அப்புறம் கோவிச்சுட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.” “மூச்சு வாங்குது, ஆனா எந்திரிக்க மாட்டேங்குது.” ஒரு டீச்சரம்மா சொன்னார்: “எங்க ஊட்டுக்காரர் மாதிரிதான், சொருகி வெச்சாத்தான் வேலை செய்யுது.” படித்து எழுதினவர்களுக்குக்கூட இவ்வளவு துல்லியமாக வராது. பாதி கோளாறு அந்த வாக்கியத்திலேயே இருக்கும்.

இரண்டாவது கட்டம் நான் எழுதுவது. எதைச் சோதித்தேன், எதை மாற்றினேன். மூன்றாவது கட்டம் காரணம். அதை நான் எழுதுவதில்லை. ஏன் கெட்டது என்று எடுத்துச் சொல்வேன், கொண்டுவந்தவர் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அதற்கப்புறம்தான் பொருள் கைக்குப் போகும். “என் கையிலிருந்து காப்பி கொட்டியது.” “பூனை கடித்தது.” “தெரியாது, ஆனால் நான்தான்.” சிலர் சிரிப்பார்கள், சிலர் அலுத்துக்கொள்வார்கள். குடைக்காரர் இதற்கு வைத்திருக்கும் பெயர் பாவமன்னிப்பு நோட்டு. ஒரு தப்பை இன்னொருத்தர் கையெழுத்தில் எழுதவே கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தை எனக்குக் கற்றுக்கொடுத்த ஆள்தான் இப்போது என் எதிரில் நின்று கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

குன்னூரை அடுத்த ஜெகதளாப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே அவர் பெரிய கிளார்க். என் அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான். குன்னூரில் டைப்பிங்கும் கொஞ்சம் கம்ப்யூட்டரும் கற்றிருந்ததால் மேனேஜர் தொரையே கூப்பிட்டு ஆபரேட்டர் வேலை போட்டுக்கொடுத்தார். பெரிய கிளார்க்குக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் நாற்காலியை மட்டும் அவ்வப்போது ஜன்னல் சாரல் அடிக்கிற இடத்துக்கு நகர்த்தி வைப்பார்.

தொழிற்சாலையில் அப்போது ஒரு லேப்டாப்தான். அதை அவர் தன் சொத்து போலப் பார்த்துக்கொண்டார். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் ஈரம் எதையும் விடாது. அலமாரிக்குள் செருப்புக்குப் பூஞ்சை பிடிக்கும், உப்பு தண்ணீராகும். அதனால் தொழிற்சாலையில் காய வேண்டியதெல்லாம் டிரையர் மேல்தான் காயும். இலையை வறுத்து எடுக்கிற அந்தப் பெரிய இயந்திரத்தின் தகரத் தலை எப்போதும் சுடச்சுட இருக்கும். கம்பளி, சாக்ஸ், தீப்பெட்டி, ஒருமுறை ஒருத்தருடைய சாதிச் சான்றிதழ்கூட அங்கே காய்ந்தது. பெரிய கிளார்க் தினமும் சாயங்காலம் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, தானே எடுத்துப்போய், டிரையர் மேல் வைப்பார். காலையில் அதைப் போய் எடுத்து வருவது என் வேலை. இட்லிப் பானை மாதிரி கையைச் சுடும்.

“சார், ரொம்பச் சூடா இருக்குதுங்க” என்று ஒருநாள் சொன்னேன்.

“சூடா இருந்தாத்தான் ஈரம் புடிக்காது புள்ள. தேயிலையே அப்படித்தான காயுது? அதுக்கு இல்லாத நோவு இதுக்கு வந்துருமாக்கும்?”

எனக்கு அப்போது பதில் தெரியாது. அந்தப் பதில் மட்டும் தெரிந்திருந்தால் என் கதை வேறாக இருந்திருக்கும்.

ஒரு ஆடி மாதம், தொழிற்சாலைக்குச் சான்றிதழ் கொடுப்பதற்காக வெளியூரிலிருந்து நாலைந்து பேர் பார்வையிட வந்தார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டிய படங்களை எல்லாம் நான்தான் இரண்டு வாரம் உட்கார்ந்து தயார் செய்திருந்தேன். காலையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றினேன். நூறு காட்டியது. மேல்மாடியில் இலை வாட்டுகிற இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள், அங்கே பிளக் கிடையாது. மேலே கொண்டுபோய்த் திறந்தேன். முதல் படம் வந்தது, இரண்டாவது வந்தது. கீழே மூலையில் அறுபது என்று காட்டியது. மூன்றாவது படத்துக்கு விரலை வைத்தேன். திரை கருத்துவிட்டது. எத்தனை முறை அமுக்கினாலும் உயிர் வரவில்லை. தொரை முகம் சிவந்தது. வந்தவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இலை வாட்டுகிற ஆட்கள், அவர்களை மேய்க்கும் கங்காணி, ஏணிப்படியில் நின்றிருந்த என் அம்மா உட்பட முப்பது பேருக்குமேல் இருந்தார்கள்.

பெரிய கிளார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “சார்ஜ் போடாமக் கொண்டாந்திருக்குதுங்க. கொழுந்து புடுங்கற கையில கம்ப்யூட்டரக் குடுத்தா வேற என்னங்க ஆகும்?”

யாரோ சிரித்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்கும் இந்தக் கதையில் ஒரு இடம் இருந்திருக்கும்.

“நான் சார்ஜ் போட்டேன் சார்” என்றேன். யாரும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே ஆபீஸ் ரிஜிஸ்டரில் பச்சை மையில் அவர் எழுதினார்: ‘காரணம்: ஆபரேட்டரின் அஜாக்கிரதை.’ என்னைக் கூப்பிட்டுக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதுதான் எனக்கு இன்றும் ஆறாத இடம். திட்டினதைவிட, அந்தப் பச்சை எழுத்துக்குக் கீழே என் பெயரை நானே எழுதிக்கொடுத்தது.

மறுநாளிலிருந்து சலிக்கிற அறையில் தூசிக்குள் காம்பு பொறுக்கினேன். ஒரு மாதம் தாங்கவில்லை, நின்றுவிட்டேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. “மனசுல வெச்சிருக்கியா புள்ள? வெச்சிரு. நீ மறந்துட்டா அது அவனுக்குத்தான் நல்லது” என்றார். அம்மா சொன்ன ஒரே புத்திமதி அதுதான், அதை நான் தட்டவில்லை. குன்னூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். பழைய இரும்புக் கடையில் கிடந்த செத்த லேப்டாப்புகளை எடுத்துவந்து பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மீட்டர் பிடிக்கவும், சூட்டுக்கோலால் ஈயம் பற்ற வைக்கவும், ஒவ்வொன்றும் ஏன் செத்தது என்று கேட்கவும் நானாகத்தான் கற்றேன். பக்தியோடு படித்தேன் என்று சொல்ல மாட்டேன். கோபத்தோடு படித்தேன். அன்றைக்கு அது அறுபதில் ஏன் செத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொண்டு அதை அந்த மனிதரின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். இந்த ஒரு ஆசைதான் என்னைக் காந்தலில் கடை வைக்கிற வரைக்கும் கொண்டுவந்தது.

அந்த மனிதர் இப்போது தானாகவே இரண்டு பஸ் மாறி ஏறி வந்திருக்கிறார். என்னை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. பையைத் திறந்தேன். எனக்கு அங்கே இன்னொரு ஆச்சரியம் காத்திருந்தது. அதே லேப்டாப். சார்ஜர் பின் சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில், இருட்டிலும் தெரியட்டும் என்று நான் வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு, பாதி உதிர்ந்து, இன்னும் இருந்தது.

“ரிட்டையர் ஆகறப்ப தொரை குடுத்தாருங்க, வெச்சுக்கோன்னு” என்றார். “குன்னூர்ல ரெண்டு கடையில காட்டினேன். தூக்கிப் போட்டுருங்கன்னுட்டானுங்க. காந்தல்ல ஒரு அம்மிணி செத்ததையெல்லாம் எழுப்புதுன்னு சொன்னாங்க. அதான் வந்தேன். என்ற மகன் வெளிநாட்டுல இருக்கறான். ஞாயித்துக்கெழமையானா இதுலதான் மொகத்தைப் பாத்துப் பேசறது. மழை வந்தா கரண்ட் போயிருது, பேச்சுப் பாதியிலயே நின்னுருது. அவன் அந்தப் பக்கம் ‘அப்பா, அப்பா’ன்னுட்டு இருப்பானாம்.”

எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முப்பது பேர் முன்னால் திரை கருத்தபோது எனக்காக யார் குரல் கொடுத்தார்கள்?

முறைப்படி ஆரம்பித்தேன். மீட்டரை எடுத்து முதலில் சார்ஜரைப் பார்த்தேன். வர வேண்டிய வோல்ட் சரியாக வந்தது. சார்ஜர் பின்னை அசைத்தேன், விளக்கு விட்டுவிட்டு எரியவில்லை. பிறகு லேப்டாப்பை எழுப்பினேன். பேட்டரி நூறு காட்டியது. வயரைப் பிடுங்கினேன். அந்த நொடியே கருத்தது. அதே கருப்பு.

“பாத்தீங்களா, நூறுன்னு காட்டுது” என்றார் அவர். “நூறு இருந்தா எப்படிச் சாகும்?”

“அது அதுவாச் சொல்லிக்கற கணக்குங்க சார்” என்றேன். “உள்ளே எவ்வளவு தேஞ்சுபோச்சுன்னு அதுக்கே தெரியாது. பார்க்கோணும். நாளாகும்.”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள…”

“பார்க்கலாங்க.”

கோளாறு என்ன என்று பத்தே நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அவரை வெறுங்கையோடு அனுப்பினேன். வியாழக்கிழமை வந்தார். “இன்னும் ஆகலைங்க சார், உள்ளே ஒரு சந்தேகம் இருக்குது” என்றேன். பஸ் ஏறிப் போனார். சனிக்கிழமை மழையில் நனைந்து வந்தார். “பேட்டரி கோயம்புத்தூர்ல இருந்து வரோணுங்க” என்றேன். அது உண்மைதான். ஆனால் சனிக்கிழமைதான் நான் ஆர்டரே போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகனிடம் பேசவில்லை. வேறு யாருக்கும் நான் இப்படிச் செய்தது கிடையாது. செய்ததற்கு வருத்தப்பட்டேன் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

குடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். “யாருங்க அம்மிணி அது? உன்ற மொகம் கொடக் கம்பி மாதிரி வெறைச்சுப் போகுதே அவரைப் பாத்தா?”

சொன்னேன். முழுசையும் சொன்னேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில், “முடியாதுன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துரு. ஞாயித்துக்கெழமைதோறும் தவிக்கட்டும்” என்றார்.

“முடியாதுன்னா வேற கடைக்குப் போயிருவாருங்க. ரிப்பேர் ஆனாத்தான மூணாவது கட்டத்தை எழுதோணும்?”

குடைக்காரர் தன் ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். “உன்கூட ஒரே கடையில இருக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்குது” என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார்.

பெரிய கிளார்க் முதல் முறை வந்துபோன அன்று சாயங்காலமே நான் செய்த முதல் வேலை, லேப்டாப்பிடமே கேட்டதுதான். நிறையப் பேருக்குத் தெரியாது, விண்டோஸ் லேப்டாப் தன் பேட்டரியைப் பற்றி ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு வரி கட்டளை தட்டினால் அதை எடுத்துக் கொடுத்துவிடும். செய்தபோது பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று இருந்தது, இப்போது எவ்வளவு தாங்குகிறது, இடையில் வாரா வாரம் எவ்வளவு குறைந்தது, எல்லாம் தேதிவாரியாக. பக்கத்தைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு ஏழு வருஷத்துக்கு முந்தைய வாரங்களுக்குப் போனேன். சித்திரை, வைகாசி வரைக்கும் பெரிய மாற்றம் இல்லை. ஆனி பிறந்ததும், அதாவது துண்டு சுற்றி டிரையர் மேல் வைக்க ஆரம்பித்த வாரங்களில், படிக்கட்டில் உருண்ட பானை மாதிரி இறங்கியிருந்தது. பார்வையிட ஆட்கள் வந்த அந்த வாரத்தில், அது செய்தபோது தாங்கியதில் கால்பங்குகூட மிச்சமில்லை. நான் ஏற்றிய நூறு, கால்பங்கின் நூறு. அது காட்டிய அறுபது ஒன்றுமே இல்லாததன் அறுபது.

அந்தத் தாளை அச்செடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இறங்குகிற வரிசையை விரலால் தடவிக் காட்டினேன்.

“ஓம் புள்ள” என்று சிலோன் வழக்கில் ஆமோதித்தார். “எனக்கு அன்னைக்கே தெரியும். நீ சொருகி வெச்சதை நான் கண்ணால கண்டேன். நான் சொன்னா யார் கேப்பா? இந்தத் தாள் சொன்னாக் கேப்பாங்களா?”

“கேக்க வைக்கிறேம்மா.”

“அவன் மட்டும் கேட்டாப் பத்தாது. அன்னைக்கு முப்பது பேரு கேட்டாங்க.”

ஆகவே அவரைச் சந்தை நாளாகப் பார்த்து வரச் சொன்னேன். சந்தை நாளில் என் பெஞ்சில் இடம் இருக்காது. அன்றைக்கும் கேரட் மூட்டையைக் காலடியில் வைத்த ஒரு பெரியவர், கைக்குழந்தையோடு ஒரு நர்ஸ், கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், குடைக்குக் காத்திருந்த ஒரு டிரைவர். முப்பதுக்கு எட்டவில்லை, பரவாயில்லை. அவருக்கு முக்காலி போட்டேன். என் நாற்காலியைவிடத் தாழ்ந்த முக்காலி.

“உங்க முன்னாடியே திறக்கறேன் சார். உங்களுக்கும் தெரியட்டும்.”

லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினேன். கடைசி ஆணி வந்ததும் அடி மூடி தானாகவே மேலே எழும்பியது, உள்ளே ஏதோ முட்டித் தள்ளியது போல. பெஞ்சிலிருந்து ஒரு “ஐயோ” வந்தது. தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி, பன் மாதிரி உப்பி உட்கார்ந்திருந்தது.

“கொஞ்ச நாளா மூடி சரியாச் சேர மாட்டேங்குதுங்க” என்றார் அவர். “அதனால பழைய லெட்ஜர் ரெண்டை மேல வெச்சு அமுக்கி வெச்சிருந்தேன்.”

“இன்னும் கொஞ்சம் அமுக்கியிருந்தா உங்க ஊடு பத்தியிருக்குங்க சார்” என்றேன். நர்ஸ் குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். பேட்டரியை உலோகம் படாமல் மெதுவாக நெம்பி எடுத்து, வாசலில் வைத்திருக்கும் மணல் வாளிக்குள் போட்டேன். பிறகு உள்ளிருந்த குட்டி ஃபேனைக் கழற்றித் தட்டினேன். மேசைமேல் பழுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாய் விழுந்தது. தேயிலைத் தும்பு. கடை முழுக்கத் தொழிற்சாலை வாசம் அடித்தது.

கேரட் பெரியவர் மூக்கை உறிஞ்சினார். “இது என்னங்க, லேப்டாப்பா டீக்கடையா?”

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை யார் சிரித்தார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

புதுப் பேட்டரியைப் போட்டேன், மூடினேன், எழுப்பினேன், கொஞ்ச நேரம் சார்ஜ் ஏற விட்டேன். பிறகு சொன்னேன்: “வயரைப் புடுங்குங்க சார்.”

“நானா?”

“நீங்கதான்.”

அவர் விரல் சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்தப் பொட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாரோ என்று எனக்குத் தோன்றியது, நிச்சயமாகச் சொல்ல முடியாது. கண்ணை இடுக்கிக்கொண்டு பிடுங்கினார். திரை அணையவில்லை. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அணையவேயில்லை. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அது வருகிற வரைக்கும்தான் நான் காத்திருந்தேன்.

அச்செடுத்த தாளை அவர் முன்னால் விரித்தேன். “இது அதோட நாட்குறிப்புங்க சார். இந்தா பாருங்க, இது ஏழு வருஷத்துக்கு முந்தி. இது வைகாசி, நல்லா இருக்குது. இது ஆனி. இது ஆடி. சூடு பட்டுப் பட்டு இப்படி இறங்கியிருக்குது. தெனமும் ராத்திரி முழுக்க யாரோ இதை ஒரு அடுப்பு மேல வெச்சிருக்கோணும். ஈரத்தைவிடச் சூடுதான் பேட்டரிக்கு எமன். இந்த வாரத்துல பாருங்க, முழுசாச் சார்ஜ் போட்டாலும் நின்ன நெலையில செத்துப் போகும். யார் கையில இருந்தாலும் சாகும். கொழுந்து புடுங்கற கையா இருந்தாலும் சரி, ரிஜிஸ்டர் எழுதற கையா இருந்தாலும் சரி.”

குடைக்காரர் வேண்டுமென்றே தையல் மிஷினை நிறுத்தினார். பெரிய கிளார்க் தாளைப் பார்த்தார், மணல் வாளியைப் பார்த்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். “மூணாவது கட்டம் உங்களுதுங்க சார். காரணம். எழுதினாத்தான் பொருள் வெளிய போகும். எல்லாருக்கும் இதே சட்டம்தான்.”

“ஆமாங்க, எனக்கும் இதேதான்” என்றார் நர்ஸ் உதவியாக. “நான் ‘பால் சிந்தியது’ன்னு எழுதினேன்.”

பெரிய கிளார்க் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பச்சை மை. அப்போதும் பச்சை. முத்து முத்தான அதே எழுத்தில் எழுதினார்: ‘மலை ஈரம்.’

நான் ஒரு கோடு போட்டு அதை அடித்தேன். நோட்டில் இதுவரை யார் எழுதியதையும் நான் அடித்ததில்லை.

“ஈரம் இல்லீங்க சார். தாள்ல இருக்குதே. வேணும்னா இந்தப் பெஞ்சுல இருக்கற எல்லாருக்கும் ஒருக்காப் படிச்சுக் காட்டட்டுமா?”

“வேண்டாம்” என்றார். “வேண்டாம்… ங்க.”

நான் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஏழு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் வரிசையாக வாசலில் வந்து நின்றன. என் பெயரைச் சொல்ல வேண்டும், அம்மா நின்ற ஏணிப்படியைச் சொல்ல வேண்டும், கங்காணியும் தொரையும் அந்தச் சிரிப்பும். மனசு ஆறிவிட்டது, அதனால் சொல்லாமல் விட்டேன் என்று எழுதினால் பொய். ஒன்றுமே ஆறவில்லை. அவர் அதற்குள் பேனாவை மறுபடியும் தாளில் வைத்துவிட்டார், எனக்கு அந்தக் கையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

அடித்த வரிக்குக் கீழே அவர் எழுதினார்: ‘காரணம்: டிரையர் மேல் நான் வைத்தது. ஆபரேட்டர் சார்ஜ் போட்டிருந்தார்.’ கீழே கையெழுத்துப் போட்டார். தேதி போட வேண்டிய இடத்தில், எதிர்ச் சுவரில் காலண்டர் தொங்கியும் அதை நிமிர்ந்து பார்க்காமல், ஒரு தேதியை எழுதினார்.

எட்டிப் பார்த்த குடைக்காரர், “ஏனுங்க, தேதி தப்புங்க. வருஷமே தப்பா இருக்குதே” என்றார்.

அது அந்த ஆடி மாதத்து நாள். பார்வையிட ஆட்கள் வந்த நாள். அந்தத் தேதியை நான் அவரிடம் சொல்லவே இல்லை; தாளிலும் வாரக் கணக்குதான் இருந்தது.

“தப்பில்லீங்க” என்றார் அவர். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். பிறகு முக்காலியிலிருந்து எழுந்து, தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நோட்டை என் பக்கம் திருப்பி, தன் கையெழுத்துக்குக் கீழே விட்டிருந்த காலி இடத்தை, அன்றைக்கு ரிஜிஸ்டரில் என்னைப் போடச் சொன்ன அதே இடத்தை, விரலால் தொட்டுக் காட்டி, நான் கையெழுத்துப் போடுவதற்காக நின்றார்.